ரிப்போர்ட்டட்லி பாய்

“கண்ணால பாத்ததா, காதால கேட்டதா?”

இதற்குப் பதில் வராமல் அத்தாவுல்லா பாய் தட்டச்சுப் பொறியின் மேல் கை வைப்பதில்லை. மனு எழுத வந்தவர் பாதிக் கதையில் இருப்பார். அழுகையோ ஆத்திரமோ தொண்டை வரை வந்திருக்கும். பாய் பென்சிலின் முனையால் முதலில் தம் இமையைத் தொடுவார், பிறகு காதைத் தொடுவார், பிறகு காத்திருப்பார்.

“மேஸ்திரி என்னிய திருடன்னு சொல்ட்டாரு பாய்” என்றான் ஒரு நாள், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் லோகநாதன்.

“உன்னாண்ட சொன்னாரா?”

“என்னாண்ட சொன்னா மூஞ்சிய பேத்துற மாட்டேன்? என் மச்சானாண்ட சொன்னாராம்.”

“மச்சான் காதால கேட்டானா?”

“அவனாண்ட யாரோ சொன்னாங்களாம்.”

“அது யாரு?”

“பேஜாரு புடிச்ச ஆளா கீறியே பாய். ஊரே சொல்லுது!”

“ஊரு, காது” என்று முணுமுணுத்துவிட்டு பாய் சிலேட்டில் ஒரு கோடு போட்டார்.

அந்தச் சிலேட்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஆணியால் கீறிய ஒரு கோடு உண்டு. இடப்பக்கம் உச்சியில் ஒரு கண் வரைந்திருக்கிறார். வலப்பக்கம் காது. அது பார்ப்பதற்கு மாங்காய் போல இருக்கும். வந்தவர் சொல்லச் சொல்ல, பார்த்ததற்கு இந்தப் பக்கம் ஒரு கோடு, கேட்டதற்கு அந்தப் பக்கம் ஒரு கோடு. நாலு கோடு சேர்ந்ததும் குறுக்கே ஒன்று. கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது எண்ணிக்கைக் குமாஸ்தாக்கள் போடும் கணக்கு முறை அது. பாய் இருபது வருஷம் அந்த வேலை பார்த்தவர். மாலையில் சிலேட்டைப் பார்த்தால் கண் பக்கம் மூன்று நான்கு கோடுகள் தனியாக நிற்கும். மாங்காய்ப் பக்கம் கொத்துக் கொத்தாகக் காய்த்திருக்கும்.

ராயபுரத்தில் துறைமுகச் சுவருக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடையின் கித்தான் பந்தலுக்குக் கீழே அவர் உட்கார்ந்திருக்கிறார். தேயிலைப் பெட்டிதான் மேஜை. அதன் மேல் ஒரு பழைய ரெமிங்டன். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு போய்விட்டதால் அந்தப் பக்கம் நூல். வெள்ளைத் தொப்பியில் கரித்தாளின் நீலம் விரல் விரலாக ஒட்டியிருக்கும். காலையில் அந்த வழியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் நான் அவரைப் பார்க்கிறேன். ஆங்கிலம் சொல்லித் தருகிறவன் என்பதால் எப்போதாவது ஒரு சொல்லின் எழுத்தைச் சரிபார்க்க என்னைக் கூப்பிடுவார். அப்படித்தான் பழக்கம்.

மனுவுக்கு மட்டும்தான் இந்தக் கண்டிப்பு என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. ஒரு மழைக்காலக் காலையில், தெருவெல்லாம் முழங்கால் தண்ணீராக இருக்க, “நைட்டு மழையாம் சார்” என்றார். “ஆமாம், தெரிகிறதே” என்றேன். “தண்ணி தெரியுது. மழைய நான் பாக்கல. தூங்கிகினு இருந்தேன்.” வயது கேட்டால் ஐம்பத்து நாலாம் என்பார். ‘ஆம்’ எதற்கு என்றால், “நான் பொறந்தத நான் பாத்தேனா? பெத்த அம்மி சொன்னதுதான?” என்பார். சிரிக்காமல் சொல்வார். சிரிக்கலாமா கூடாதா என்று எதிரில் நிற்கிறவருக்கு விளங்காது.

தட்டச்சு அவருக்கு முறையாகத் தெரியாது. இரண்டு ஆள்காட்டி விரல்களால் தேடித் தேடி அடிப்பார். டக். வெகு நேரம் கழித்து இன்னொரு டக். ஆனால் ஒரே ஒரு வார்த்தை வரும்போது மட்டும் பத்து விரலும் கீழே இறங்கும். பத்து எழுத்தும் ஒரே ஓட்டமாக, கல்லுப் பாதையில் ஜட்கா போகிற மாதிரி ஓடி முடியும். தெருவின் எதிர்ப்பக்கத்தில் போகும்போதே அந்தச் சத்தத்தை வைத்து, பாய் ‘ரிப்போர்ட்டட்லி’ போட்டுவிட்டார் என்று நான் தெரிந்துகொள்வேன். மாங்காய்ப் பக்கம் விழுந்த கோடு ஒவ்வொன்றுக்கும் மனுவில் ஒரு ‘ரிப்போர்ட்டட்லி’, அதாவது ‘இப்படிச் சொல்கிறார்கள்’. ஒரே பக்கத்தில் பதினொன்று வந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

“பாய், இத்தனை முறை தேவையில்லை. ஆங்கிலத்தில் யாரும் இப்படி எழுதுவதில்லை” என்று ஒரு முறை சொன்னேன்.

“அவங்க இன்னா சார், மூட்டைய பிரிச்சுப் பாத்துட்டா எழுதுறாங்க?” என்றார்.

மூட்டை என்றது சும்மா இல்லை. கப்பல் சீட்டுகளில், சரக்கின் பெயருக்கு முன்னால், ‘இருப்பதாகச் சொல்லப்படுவது’ என்ற பொருளில் ஒரு தொடர் அச்சடித்திருப்பார்களாம். இருநூறு மூட்டை, அரிசி இருப்பதாகச் சொல்லப்படுவது. மூட்டை எத்தனை என்பதற்குக் கப்பல்காரன் பொறுப்பு. உள்ளே அரிசியா உமியா என்பதற்குப் பொறுப்பில்லை. “அந்த மாதிரிதான் சார் இதுவும். ஊரான் மூட்டை மேல ஒட்டுற சீட்டு. பொய்யினும் சொல்லல, மெய்யினும் சொல்லல. என் தலை வழியா போச்சு, நான் பிரிச்சுப் பாக்கல, அவ்ளோதான்.”

அப்படியானால் ‘அல்லெஜட்லி’ என்று ஒன்று இருக்கிறதே, கோர்ட்டு வாசலில் எழுதுகிறவர்கள் அதைத்தானே போடுகிறார்கள் என்று கேட்டேன். பாய் வேகமாகத் தலையை ஆட்டினார். “அதுல ஒரு கடி கீது சார். எதிராளிய கடிக்கிற வார்த்தை அது. குத்தம் சாட்டினாத்தான் போடணும். ஒர்த்தன் செத்துப்பூட்டான், ஒர்த்திக்குக் கொழந்த பொறந்துச்சி, கப்பலு லேட்டு... இதுக்கெல்லாம் எதுக்குக் கடி? இது சாதுவான வார்த்தை.” தமிழில் ஒரு ‘ஆம்’ போட்டால் முடிந்ததே என்றதற்கும் பதில் வைத்திருந்தார். “ஆம் போட்டா கத மாதிரி ஆயிடும் சார். ஒரு ஊர்ல ஒரு ராஜா கீறானாம்னு. ஆபீசரு சிரிப்பான்.”

ஆபீசர்கள் சிரித்தார்களோ இல்லையோ, தெரு அந்த வார்த்தையை வேறுவிதமாகப் புரிந்துகொண்டது. லோகநாதனுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. மனுவைப் படித்த அதிகாரி அந்த நீளமான வார்த்தையின் மேல் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார் என்று லோகநாதன் வந்து சொன்னான். போதாதா? அது சக்தியுள்ள வார்த்தை, அதைப் போட்டால் காரியம் நடக்கும் என்று பேச்சுப் பரவிவிட்டது. அன்றிலிருந்து அவர் ரிப்போர்ட்டட்லி பாய்.

தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுத ஜெயக்கொடி என்ற அம்மாள் வந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மனு முடிந்ததும் காகிதத்தைக் கையில் வாங்கி, எழுத்துத் தெரியாதவள், மேலும் கீழும் தடவிப் பார்த்தாள்.

“அந்த வார்த்த எங்க கீது?”

“அது இதுல வேணாம்மே. தண்ணி வர்லன்னு உனுக்கே தெரியும் இல்ல?”

“எல்லாருக்கும் போட்ட. எனுக்கு மட்டும் இன்னா கொறச்சலு?”

“நீ கண்ணால பாத்த. பாத்ததுக்குப் போடக்கூடாது.”

“பவரான வார்த்தன்றாங்களே?”

“யாரு சொன்னா?”

“சொல்லிக்கிறாங்க.”

பாய் சிலேட்டை இழுத்து மாங்காய்ப் பக்கம் ஒரு கோடு போட்டார். ஜெயக்கொடி அதைப் பார்த்துத் தன் வேலை முடிந்ததென்று நினைத்துத் திருப்தியாகப் போனாள். குழாயில் தண்ணீர் வந்ததாம். நான் பார்க்கவில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பாய் ஒரே ஒரு தரம் சொன்னார், அதுவும் சுற்றி வளைத்து. எண்ணிக்கைக் குமாஸ்தாவாக இருந்தபோது பஷீர் என்று ஒரு தோஸ்து. ஒரு நாள் மூட்டை குறைந்தது. விசாரணையில் ‘யார் எடுத்தது?’ என்றார்கள். ஷெட்டில் எல்லாரும் பஷீர் என்று பேசிக்கொண்டார்கள். இவரும் பஷீர் என்றார். எழுதிக் காட்டினார்கள். அதில் ‘பேசிக்கொள்கிறார்கள்’ என்பது இல்லை. ‘பஷீர் எடுத்தான்’ என்று மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டார். மறு மாதம் மூட்டைகள் வேறு ஷெட்டில் அப்படியே இருந்தன.

“ஒரு வார்த்தைய உட்டுட்டேன் சார். ஒர்த்தன் பொழப்பு பூட்ச்சி.” பிறகு பஷீர் என்ன ஆனார் என்று கேட்டேன். “பினாங்குல கீறானாம்” என்றார். அந்த ‘ஆம்’ மட்டும் மெதுவாக வந்தது.

சிலுவையம்மாளின் விஷயத்தைச் சொல்லாமல் பாயைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது.

அவள் மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளுகிறவள். எப்போதும் கண் சிவந்திருக்கும். அழுகிறாளா, மிளகாயா என்று எதிரில் நிற்கிறவர் கண்டுபிடிக்க முடியாது. “எனுக்கே தெரியாது, உங்களுக்கு இன்னா தெரியும்?” என்பாள். பதினேழு வயதில் தேவப்பிரியம் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டாள். எட்டு மாதம் குடித்தனம். பிறகு அவர் ரங்கூன் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டும் வேலைக்குக் கப்பலேறினார். அடுத்த வருஷம் டிசம்பரில் அங்கே குண்டு விழுந்தது. அதோடு கடிதம் நின்றது. தேவப்பிரியம் இறந்துவிட்டதாக, பர்மாவிலிருந்து நடந்து வந்த இசக்கியம்மாள் என்பவள் சொன்னாள். அவளுக்கு அவள் கணவர் ராசையா சொன்னதாம். பத்து வருஷம் ஆகிறது.

இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஜெயவேல் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார். ஞானஸ்நானம் வாங்க வேண்டும் என்றார்கள். “தண்ணி தான, ஊத்திக்கட்டும்” என்று சம்மதித்துவிட்டார். ஆனால் கோயிலில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, ஓலை வாசிக்க வேண்டும். முதல் கணவர் இறந்ததற்குச் சான்று இல்லாமல் பங்குச் சாமியார் ஓலை வாசிக்க மாட்டார். சான்றுக்காக இரண்டு வருஷத்துக்கு முன் அத்தாவுல்லா பாய்தான் ரங்கூனில் ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதினார்.

போன தை மாதம் பதில் வந்தது. சிலுவையம்மாள் பிரிக்காமலே கொண்டுவந்து தேயிலைப் பெட்டியின் மேல் வைத்தாள். பாய் கண்ணாடியின் நூலை இழுத்துவிட்டுக்கொண்டு வாசித்தார். முகம் மலர்ந்தது.

“பாத்தீங்களா சார்? கவர்மெண்டே நம்ம வார்த்தைய போடுது!”

வாங்கிப் பார்த்தேன். ‘தேவப்பிரியம் என்பவர் குண்டுவீச்சில் ரிப்போர்ட்டட்லி இறந்தார் எனத் தங்கள் மனுவிலிருந்து அறிகிறோம்’ என்று இருந்தது. கீழே கையெழுத்து, முத்திரை. பாய் காகிதத்தைத் திரும்ப வாங்கி மறுபடி வாசித்தார். இந்த முறை உதடு மட்டும் அசைந்தது. தம்முடைய பழைய மனுவின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

“சார், இது என் மூட்டை” என்றார். “நான் அனுப்சது. சீலு போட்டு எனுக்கே எறக்கிட்டாங்க.”

சிலுவையம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “செத்துட்டாருன்னு போட்டுக்கீதா, இல்லியா?”

“போட்டுக்கீது. போடவும் இல்ல.”

அவள் சாமியாரிடம் கொண்டுபோனாள். மறுநாள் திரும்பி வந்தாள். சாமியார் அந்த வார்த்தையில் விரலை வைத்து, இது இருக்கும்வரை என்னால் ஆகாது என்றுவிட்டாராம். நேரில் பார்த்த ஒருவர், அந்த வார்த்தை இல்லாமல், இறந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மேலிடத்துக்கு அனுப்பி ஓலை வாசிக்கலாம். ஆனால் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் கிடையாது. அதற்குள் மூன்று ஞாயிறு வேண்டுமென்றால், அடுத்த வாரமே முதல் ஓலை.

“அத்த எடுத்துரு பாய்.”

“எடுத்தா அவரு செத்துட்றாருமே.”

“உட்டா?”

பாய் பென்சிலைத் தேயிலைப் பெட்டியின் மேல் உருட்டினார்.

“பத்து வருசமா அந்த ஒரு வார்த்தைல தொங்கிகினு கீறாரு” என்றாள் சிலுவையம்மாள். “நானும்தான் கூட தொங்கிகினு கீறேன். வெள்ளச் சீல கட்டவும் வுடல, கலர் சீல கட்டவும் வுடல. நான் இன்னா கேக்குறேன்? அவரு சாவணும்னா கேக்குறேன்? நைனா, உயிரோட வந்து வாசல்ல நின்னாருன்னா சோறு போட மாட்டேனா நானு? இன்னா கீதுன்னு ஒண்ணு சொல்லுங்கன்றேன்.”

அந்த ஞாயிறு பிற்பகல் மூன்று பேருமாக ராசையாவைப் பார்க்க எர்ணாவூருக்குப் போனோம். நான் ஏன் போனேன் என்று இப்போது யோசித்தாலும் சரியாகச் சொல்ல வரவில்லை. வீட்டில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. திருவொற்றியூர் வரை பஸ். சிலுவையம்மாள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். பாய் என் பக்கத்தில். தண்டையார்பேட்டை தாண்டும்போது, இத்தனை நாளில் முதல் முறையாக, என் மனைவியைப் பற்றிக் கேட்டார். அவள் போய் அப்போது ஏழு மாதம்.

“கூட இருந்தீங்களா சார்?”

“இல்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில் தண்ணீர் கேட்டாளாம். என்னைக் கேட்டாளாம். பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாள்.”

வழக்கத்தில் பாயின் கை சட்டைப்பைப் பென்சிலுக்குப் போனது. தொட்டது. அப்படியே இறங்கி முழங்கால் மேல் உட்கார்ந்துகொண்டது. பிறகு இருவரும் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

திருவொற்றியூரிலிருந்து நடை. ராசையா எண்ணூர்ப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்கிறவர். திருநெல்வேலிக்காரர். வருஷக்கணக்காக உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் இடுங்கி, முகத்தில் இரண்டு கீறல் போல ஆகியிருந்தது. குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு எங்களை உட்காரவைத்தார். இசக்கியம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள்.

பாய் ஓர் உறையின் பின்புறத்தில் நடுக்கோடு இழுத்தார். “கண்ணால பாத்தீங்களா, காதால கேட்டீங்களா?”

“பாத்தேம்லா” என்றார் ராசையா.

சிலுவையம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“எங்க நின்னு பாத்தீங்க?”

ராசையா இடுங்கிய கண்ணால் தூரத்து உப்புக் குவியலைப் பார்த்தார். “நா அப்பம் சரக்குக் கிட்டங்கிக்குப் பின்னால இருந்தேன். குண்டு விழுந்ததும் எல்லாரும் ஓடுனோம். மறுநாளு முகாம்ல ஒரு ஒரிசாக்காரன் சொன்னான். வின்ச்சுக்கு அடியில ஒங்க மதராஸ் ஆளு கெடக்கான்னு.”

“அப்போ கேட்டது.”

“மொதல்ல சொல்லும்போது ஒரிசாக்காரன் சொன்னாம்னுதான் சொல்லுவேன் பாய். நடந்து வந்த வழி பூரா சொல்லிக்கிட்டேதான் வந்தேன். அவன் பேரு மறந்து போச்சு. பெறவு, சொன்னாவன்னு மட்டும் சொன்னேன். பெறவு அதுவும் விட்டுப் போச்சு. இப்பம் கண்ண மூடுனா ஆளு தெரியுதாரு. வின்ச்சு தெரியுது. நீலக் கோடு போட்ட சட்டை தெரியுது. இத பாக்கலன்னு எப்படிச் சொல்லுதது?”

“நீலக் கோடு” என்றாள் சிலுவையம்மாள். “கப்பலேறச் சொல்லோ அதான் போட்டுகினு போனாரு. நான் கண்ணால பாத்தேன்.”

பாய் நிமிர்ந்தார். பென்சில் கண் பக்கத்துக்கு மேல் வந்து நின்றது.

“ஏட்டி, நீதானே சொன்ன?” என்றாள் இசக்கியம்மாள், தம்ளர்களை அடுக்கிக்கொண்டே. “நாங்க வந்த அன்னிக்கு எம் மடியில வுழுந்து அழுதப்பம். நீலக் கோட்டுச் சட்ட போட்டுட்டுப் போனாரே, நீலக் கோட்டுச் சட்ட போட்டுட்டுப் போனாரேன்னு. இவுகளும் பக்கத்துலதான் இருந்தாவ.”

“நான் சொன்னேனா?”

“சொன்ன மாதிரிதான் ஞாபகம்.”

“எனுக்கு இல்லியே.”

ராசையா தலையைச் சொறிந்தார். “அதுக்கு முந்தியே தெரிஞ்சுதா, பெறவுதான் தெரிஞ்சுதா...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பாயின் பென்சில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அது எங்கும் விழாமல் நின்று நான் பார்த்ததில்லை. நாலு பேரும் அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பளத்திலிருந்து காற்று அடித்தது. சிலுவையம்மாளின் கண் வழக்கம்போல் சிவந்திருந்தது.

கடைசியில் ராசையாதான் பேசினார். “நா பாத்தேம்னே போட்டுக்கிடுங்க பாய். கையெழுத்துப் போடுதேன். இந்தப் புள்ளைக்கு ஒரு வழி பொறக்கட்டும். தேவப்பிரியம் கோச்சுக்க மாட்டாரு.”

“உசுரோட இருந்தா?” என்றார் பாய்.

“இருந்தா பத்து வருசத்துல ஒரு கடுதாசி போட்டிருக்க மாட்டாரா?”

“என் தோஸ்து ஒர்த்தன் பதிமூணு வருசமா போடல” என்றார் பாய்.

உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு கோடும் இல்லாத உறை. ராயபுரத்தில் இறங்கியதும் சிலுவையம்மாளைப் பார்த்து, “நாளிக்கி காலைல ராசையாவ கூட்டிகினு வா” என்றார். எழுதுவேன் என்றாரா, மாட்டேன் என்றாரா என்று அவளுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. “இன்னா சார் சொல்ட்டுப் போறாரு?” என்று என்னைக் கேட்டாள். வரச் சொல்கிறார் என்றேன்.

மறுநாள் காலை பள்ளிக்கூட நேரத்துக்கு முன்பே போய்விட்டேன். ராசையா சலவை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். சிலுவையம்மாள் மண்டிக்குப் போகவில்லை. தூரத்தில் துறைமுகச் சுவர் ஓரமாக ஜெயவேல் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்க்காதவர் போல நின்றார்.

பாய் சிலேட்டை எடுக்கவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. காகிதங்களுக்கு நடுவே கரித்தாளை வைத்து உருளையில் ஏற்றினார். ராசையாவின் பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொழில் எல்லாம் வழக்கம்போல் இரண்டு விரலால் வந்தன. டக். டக். ரங்கூன் துறைமுகத்தில் இன்ன வருஷம் வேலை பார்த்தேன் என்பது வந்தது. நான் பாயின் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தேன். குண்டு விழுந்த தேதி வந்தது. அடுத்த வரியில் தேவப்பிரியம் என்ற பெயர் வந்தது.

அங்கே கை நின்றது. இதற்கு அடுத்தது எந்த வார்த்தை என்று எனக்குத் தெரியும், சிலுவையம்மாளுக்கும் தெரியும். அவள் தேயிலைப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சாலையில் ஒரு லாரி போயிற்று. பாய் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், நூலைக் காதில் மாட்டிக்கொண்டார். பத்து விரல்களும் பொறியின் மேல் இறங்கின. வெகு நேரம் அப்படியே இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக மேலே எழுந்துகொண்டன, வலது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

எழுத்து விழுகிற டக் வரவில்லை. இடம் விடுகிற கட்டையின் மந்தமான சத்தம் வந்தது. தொப். மறுபடி தொப். காகிதம் வெள்ளையாகவே நகர்ந்தது. நான் எண்ணினேன். அந்த வார்த்தையின் எழுத்துக் கணக்குக்குப் பத்து முறை தட்டிவிட்டு, ‘இறந்தார்’ என்பதற்குரிய ஆங்கில வார்த்தையின் முதல் எழுத்தைத் தேட ஆள்காட்டி விரலை நீட்டினார்.